இருபத்தைந்து எழுத்து

டெலோஸ் தீவில் யாரும் பிறக்கக் கூடாது.
சாகவும் கூடாது.
அப்போலோவின் மண்ணாம், தீட்டு ஆகாதாம்.
நிறைசூலியையும் இழுத்துக்கொண்டு கிடப்பவனையும்
ஒரே படகில் ஏற்றி
எதிர்க்கரை ரெனேயாவுக்கு அனுப்பிவிடுவார்கள்.
மற்றதெல்லாம் இங்கே நடக்கும்.
காலையில் ஆளை ஏலம் விடுவார்கள்,
மாலையில் அதே காசில் ஏதாவதொரு கடவுளுக்குத் தூண் நடுவார்கள்.

நான் பாரோஸ்காரன். கல்லில் எழுத்து வெட்டுகிறேன்.
ஐம்பது எழுத்துக்கு ஓர் ஒபோல்.
தெய்வங்களை எனக்கு எண்ணிக்கையில்தான் பழக்கம்.
ஈசிஸ் சிக்கனக்காரி:
நான்காம் வேற்றுமை சேர்த்தாலும் ஐந்தே எழுத்து.
(கொடுப்பதற்கும் அந்த உருபுதான்,
எங்கள் பேச்சில் சண்டை பிடிப்பதற்கும் அந்த உருபுதான்.)
அப்ரோடைட்டிக்கு ஒன்பது, அதில் வட்டம் வேறு.
நேர்கோட்டில் சமர்த்தாய் ஓடும் உளி
வளைவில் அடம்பிடிக்கும். சில்லு தெறித்தால் என் நஷ்டம்.

நேற்று உச்சிவெயிலில் அர்வாத் ஊர்க்காரி ஒருத்தி வந்தாள்.
பெயர் அரிஷத்.
வயிறு முதலில் வந்தது, பிறகு அவள்.
சாயங்காலப் படகுக்குள் முடித்துத் தர வேண்டுமாம்.
கையில் அரை ஒபோல்.

இருபத்தைந்து எழுத்து, என்றேன்.
உடைந்த பலகை ஒன்று கிடக்கிறது, அது சும்மா.

காசு கடன் கொடுத்தவள் வீட்டுக்காரி லாமிஸ்கா.
அவளுடைய அப்ரோடைட்டி இல்லாமல்
கல் கோயிலுக்குப் போகக் கூடாதாம்: ஒன்பது.
பிள்ளையின் தகப்பன் பெதோசிரிஸ்,
தானியக் கப்பலோடு போனவன், இன்னும் திரும்பவில்லை.
அவனைக் கடலில் பார்த்துக்கொள்பவள் ஈசிஸ்: ஐந்து.
நேர்த்தி என்ற சொல்லுக்கு ஐந்து.
உன் பெயருக்கு ஆறு.
முடிந்தது கணக்கு. சொட்டுக்கூட மிச்சமில்லை.

"என் அம்மா கூப்பிடுகிறவளை எங்கே வைப்பாய்?" என்றாள்.

யார் அது?

"அஸ்தார்த்தே. வலி வந்தால்
மற்ற இரண்டு பேரும் என் வாயில் வர மாட்டார்கள்."

ரோமிலிருந்து வந்த எண்ணெய் வியாபாரி என்றால்
மூவரும் ஒருத்திதானே என்று தோளைக் குலுக்கியிருப்பான்.
நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன்,
இடம் மிச்சமாகுமே என்று.

அவள் அடுப்புக்கரியை எடுத்தாள்,
குனிய முடியாமல் குனிந்து
பலகையின் வலது ஓரத்தில் தொடங்கினாள்.
எங்கள் எழுத்து போகும் திசைக்கு எதிராக
அவள் கை வந்தது.
எண்ணினேன். அவளுக்கு என்பதையும் சேர்த்து, ஆறு.

"என் பெயரை எடுத்துவிடு."

யார் வேண்டிக்கொண்டது என்று தெரிய வேண்டாமா?

"அவளுக்குத் தெரியும்."

உளியைப் பிடித்தபின்தான் பார்த்தேன்,
அவளுடைய இரண்டாம் எழுத்து ஒரு வட்டம்.
இது என்ன, என்றேன்.
"கண்" என்றாள்.
எங்கள் ஊரில் இது ஒகரம்;
வாய் குவித்துச் சொல்வது.
"இருக்கலாம். எங்களிடம் வாங்கியதுதானே" என்று
தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

அதே வட்டம்
அப்ரோடைட்டியின் நடுவிலும் இருக்கிறது.
ஒரே கைப்பிடி, ஒரே சுற்று.
இடமிருந்து ஒருத்தி வந்தாள்,
வலமிருந்து ஒருத்தி வந்தாள்,
இடையில் ஈசிஸ், யாரையும் இடிக்காமல் ஒடுங்கி.
என் உளி அன்றைக்கு எங்கும் சில்லு தெறிக்கவில்லை.
கல் நல்ல கல், அவ்வளவுதான் என்றும் சொல்லலாம்.

படகு போன பிறகு
பலகையைக் கிந்தோஸ் சரிவில் கொண்டுபோய்ச் சாய்த்தேன்.
ரெனேயாவில் இரவெல்லாம் ஒரு விளக்கு.
பிறப்புக்கா மற்றதற்கா என்று
இந்தக் கரையிலிருந்து தெரியாது.

காலையில் கணக்கோலையில் எழுதினேன்:
வரவு, அரை ஒபோல்.
யாரிடமிருந்து என்ற இடத்தில்
பெயர் எழுதப் போய், நிறுத்தி,
வட்டம் ஒன்று போட்டேன்.